ராஜாக்களைப் பார்க்கப் போன புதன்கிழமை

எனக்கு எழுத வராது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி மேலேறிப் போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட கை. போதாததற்கு மறதி வேறு. அடுப்படிக்குள் போய் எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறவளிடம், அமெரிக்காவில் பார்த்ததைச் சபைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்கள் என்று போதகர் ஐயா கேட்டுக்கொண்டே இருக்கிறார். முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரில் தப்பு இருந்தால் தப்பு என்மேல்தான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மகன் செல்வின் டெக்சாஸில் ஆலன் என்கிற ஊரில் வீடு வாங்கினான். வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு இரண்டு பக்கத்து அம்மாமாரும் இருக்க வேண்டும் என்று மருமகள் ஷீபா பிடிவாதம் பிடித்தாள். பாளையங்கோட்டையிலிருந்து நானும், நாகர்கோவிலிலிருந்து அவளுடைய அம்மாவும் ஒரே விமானத்தில் போய் இறங்கினோம். சம்பந்தியம்மாவை நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் சரித்திரமும் நடத்தி, ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டயர் ஆனவர்கள். விமானத்தில் எனக்கும் சேர்த்து அவர்களே பேசினார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

முதல் சில நாள் எனக்குப் பகல் எது, கனவு எது என்று பிரியவில்லை. வீடு முழுக்கக் கார்ப்பெட். நடந்தால் நம் காலடி நமக்கே கேட்காது. ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் ஒரு ஆள் கிடையாது. ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள் வரிசையாக நின்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். வானம் மட்டும் ரொம்பப் பெரிசு. நம் ஊரில் வானத்தைக் கரண்டுக் கம்பி கொஞ்சம், எதிர்வீட்டு மாடி கொஞ்சம், வேப்பமரம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அங்கே எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தூக்கம் நேரங்கெட்ட நேரத்தில் வரும். சோபாவில் உட்கார்ந்தபடியே பாளையங்கோட்டைக்குப் போய்க் கதவைத் திறந்து, கொடியில் கிடந்த துணியை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி ஆலனுக்கு வந்து கண்ணைத் திறப்பேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மைனி கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டை வறுத்தார்கள். கூரையில் பப்படம் அளவுக்கு வட்டமாக ஒரு பெட்டி இருந்தது. அது திடீரென்று அலற ஆரம்பித்தது. நான் கேஸை அணைத்துவிட்டுச் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு நின்றேன். மைனி நாற்காலியில் ஏறி, முந்தானையால் அதற்கு விசிறினார்கள்.

"பாத்தியளா மைனி, நம்ம ஊர் மீனு வாசம் இதுக்குப் பிடிக்கல. நெருப்புன்னு நினைச்சிட்டு!"

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் "என்னடே, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டில் மாடிப்படி ஏறுகிற சுவரில் குடும்பத்துப் பெரியவர்கள் படங்களை மாட்ட வேண்டும் என்று ஷீபாவுக்கு ஆசை. எல்லாம் ஒரே அளவில் கறுப்புச் சட்டம் வாங்கி, சனிக்கிழமை ஜெபத்துக்கு முன்னாலேயே மாட்டிவிட்டாள். மைனி வீட்டுப் பக்கம் நிறையப் படம். அவர்களுடைய தாத்தா தலைப்பாகையும் குடையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தாத்தாவின் அப்பாவுக்குக்கூடப் படம் இருக்கிறது. எங்கள் பக்கம், செல்வினுடைய அப்பா படம் இருந்தது. என் அம்மா படம், தம்பி கல்யாணத்தில் எடுத்தது, இருந்தது. என் அப்பாவுக்குப் படம் கிடையாது. அவர் ஒரு நாளும் கேமரா முன்னால் நின்றதில்லை. எனக்கு எட்டு வயது நடக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார்.

அப்பாவுக்கென்று வாங்கின சட்டம் மட்டும் கடையில் வாங்கினபடியே தொங்கியது. கடைக்காரர்கள் மாதிரிக்காக உள்ளே வைத்திருந்த படம் அதில் அப்படியே இருந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன், பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மைனி படியேறும்போது நின்று பார்த்தார்கள். "மைனி, உங்க அப்பா நல்ல செவப்பா இருக்காரே! பல்லும் ஒண்ணு கூட விழல!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

செல்வின் அன்றைக்கே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஏம்மா, தாத்தா எப்படி இருப்பாங்கன்னு சொல்லுங்க. என்கூட வேலை பாக்குத ஒருத்தர் நல்லா டிரா பண்ணுவாரு. நீங்க சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சிரலாம். சனிக்கிழமைக்குள்ள ரெடி பண்ணிரலாம்."

"மீசை உண்டு," என்றேன்.

"சரி, மீசை. மூக்கு?"

எனக்கு மூக்கு வரவில்லை. கண் வரவில்லை. அவன் பேப்பரும் பென்சிலுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்குச் சொல்லுதேன்யா, தலை வலிக்கு" என்று எழுந்துவிட்டேன். பெற்ற தகப்பன் முகம் மறந்துபோயிற்று என்று எந்த வாயால் மகனிடம் சொல்வது?

முழுக்க மறக்கவில்லை என்பதுதான் கஷ்டம். அப்பா எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்காரர். மணி அடிப்பார், பெருக்குவார், தண்ணீர் எடுத்து வைப்பார். ஹெட்மாஸ்டர் நாற்காலிக்கு மேலே சுவரில் ராஜா படம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். ஜார்ஜ் ராஜா என்பார்கள். எத்தனையாவது ஜார்ஜ் என்று எனக்குத் தெரியாது. தாடியும் மீசையும் வைத்து, தோளில் சரிகைப் பின்னல் தொங்க நிற்பார். சனிக்கிழமைதோறும் அப்பா பெஞ்சின்மேல் ஏறி, கண்ணாடியில் வாயால் ஊதி ஊதித் துண்டால் துடைப்பார். நான் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன். எனக்கு அவர் முதுகும், கண்ணாடியில் விழுந்த முகமும்தான் தெரியும். ராஜா முகத்தின் மேல் அப்பா முகம். இப்போது அப்பாவை நினைத்தால் அந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அப்பாவை மட்டும் தனியே எடுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ராஜாவுக்காக ஜெபம் உண்டு. எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாத ராஜாவுக்கு நீடித்த ஆயுசு கொடும் என்று சபை முழுக்கக் கேட்போம். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சத்தமாகக் கேட்பேன். மணி அடிக்கிறவருக்காக ஜெபிக்க யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் ஷீபா சொன்னாள்: "மம்மி, அத்தை, புதன்கிழமை நான் லீவு போட்டிருக்கேன். டல்லாஸ்ல ஒரு மியூசியத்துல யூரோப்பியன் கிங்ஸோட போர்ட்ரெய்ட்ஸ் எல்லாம் வச்சிருக்காங்களாம். பழைய பெயிண்டிங், அப்புறம் போட்டோஸ். மம்மிக்குப் பிடிக்கும்."

"பிடிக்குமாவா? எத்தனை வருசம் அவனுவ சண்டையையும் சமாதானத்தையும் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன். மூஞ்சிய ஒருநாள் நேர்ல பாக்கண்டாமா?" என்றார்கள் மைனி. பிறகு என்னைப் பார்த்து, "மைனிக்குப் போரடிக்கும். வீட்டுலயே இருக்கட்டுமே," என்றார்கள்.

"இல்ல, நானும் வாரேன்," என்றேன். ஷீபா ஆச்சரியமாகப் பார்த்தாள். மாலுக்குக் கூப்பிட்டாலே முட்டி வலி என்று சொல்லுகிறவள் நான்.

எனக்கு மனசில் ஒரு கணக்கு இருந்தது. அந்த ராஜாவை மறுபடி ஒருதரம் கிட்டத்தில் நின்று பார்த்துவிட வேண்டும். அவருடைய மூக்கு இன்னது, கண் இன்னது என்று தெரிந்துவிட்டால், அந்த இரட்டை முகத்திலிருந்து அவரைக் கழித்துவிடலாம். மீதி இருப்பது அப்பா. ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்குக் கழித்தல் தெரியும் அல்லவா? இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

புதன்கிழமை காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு புறப்பட்டோம். டல்லாஸ் நடு ஊருக்குள் கார் ஓட்ட ஷீபாவுக்குப் பயம். அதனால் பிளானோவில் காரை நிறுத்திவிட்டு ரயிலில் போனோம். ரயில் என்றால் நம் ரயில் மாதிரி இல்லை. மஞ்சளும் வெள்ளையுமாக ரெண்டு பெட்டி, கூட்டமே கிடையாது. எதிரே ஒரு கிழவர் பெரிய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். ஜன்னலுக்கு வெளியே வீடுகளின் பின்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. எந்த ஊரானாலும் ரயில் வீடுகளின் பின்பக்கத்தைத்தான் காட்டுகிறது.

இறங்குகிற இடத்தில் ஒரு கூத்து நடந்தது. ஷீபா முன்னால் இறங்கினாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மைனி மட்டும் அந்தத் தொப்பிக் கிழவரை எழுப்பி, "நீங்கள் இறங்க வேண்டிய இடம் இதுவா?" என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைனி வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் கேட்கவில்லை. அப்படியே போய்விட்டார்கள்.

ஷீபா அழாத குறை. "மம்மிகிட்ட போன்கூட இல்லையே அத்தை!"

அவள் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, யாரையோ கேட்க ஓடினாள். நான் மடியில் புளியோதரையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கறுப்பினத்து அம்மாள், கையில் பின்னல் வேலையோடு இருந்தார்கள். என்னிடம் ஏதோ சொன்னார்கள். "பயப்படாதே, போன ரயில் எல்லாம் திரும்பி வரும்" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் ஆயிற்று. எதிர்ப்பக்க ரயிலில் மைனி வந்து இறங்கினார்கள். கூடவே அந்தத் தொப்பிக் கிழவர், தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு.

"இவரு பேரன் பேத்தி எல்லாத்தையும் விசாரிச்சாச்சு. இவரு எறங்க வேண்டிய இடம் இன்னும் தூரமாம். எனக்காகத் திரும்பி வந்திருக்காரு," என்றார்கள். நாங்கள் கிழவருக்கு ஒரு கரண்டி புளியோதரை காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். ஒரு வாய் தின்றார், கண் கலங்கியது, மிளகாய்தான். "இதைத் தின்றபின் இனி நான் எந்த ரயிலிலும் தூங்க மாட்டேன்" என்று சொன்னாராம்.

மியூசியத்துக்குள் போனதும் பேச்சு எல்லாம் நின்றுவிட்டது. வாரநாளில் கோயிலுக்குள் தனியாகப் போனால் ஒரு குளிர்ச்சி இருக்குமே, அது மாதிரி. தரையில் எங்கள் நிழல்கூட மெதுவாக வந்தது. வாசலில் நின்ற காவலாளி, நரைத்த முடிக்காரர், "படம் எடுக்கலாம், ஆனால் வெளிச்சம் அடிக்கக் கூடாது" என்று சொன்னதாக ஷீபா சொன்னாள். அவளுடைய சின்ன டிஜிட்டல் கேமராவை மைனி கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்குக் காலையில்தான் பழகியிருந்தார்கள்.

முதலில் வரைந்த ராஜாக்கள். ஒரு ஆள் உயரத்துக்கு, சிலர் இரண்டு ஆள் உயரத்துக்கு. ஒருவர் வெள்ளைக் காலுறையும் குதிகால் உயர்ந்த செருப்புமாக, காலை முன்னால் நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றார். தலைமுடி ஆட்டுக்கிடா ரோமம் மாதிரி சுருண்டு இடுப்புவரை தொங்கியது.

"இது சொந்த முடி இல்ல மைனி, டோப்பா," என்றார்கள் மைனி. "இவனுவளுக்குத் தலையில பேன். அதை மறைக்க டோப்பா. டோப்பாலயும் பேன்."

இன்னொருவருக்குக் கீழ்த்தாடை அரிவாள்மணை மாதிரி முன்னால் நீண்டிருந்தது. அவர் அப்பாவுக்கும் அப்படி, பக்கத்தில் இருந்த தாத்தாவுக்கும் அப்படி. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி அப்படி ஆயிற்றாம். மூன்று தலைமுறைக்கும் ஒரே தாடை என்பதைப் பார்த்து மைனி தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு என்னவோ அந்தப் பிள்ளைகள்மேல் பொறாமையாக இருந்தது. அப்பா தாடை எங்கே போயிற்று என்று அவர்கள் தேட வேண்டியதில்லை.

ஒரு சின்ன ராஜாவும் இருந்தார். நாலு வயது இருக்கும். கவுன் போட்டு, கையில் ஒரு குருவி, அதன் காலில் நூல். வரைந்து முடியும்வரை அழாமல் நின்றிருப்பானா? யார் பக்கத்தில் நின்று சமாதானம் சொல்லியிருப்பார்கள்? அவனை விட்டு வர எனக்கு மனசில்லை. ஷீபா வந்து கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள்.

அடுத்த அறை போட்டோக்கள். வெளிச்சம் குறைவு, மேலே ஒரு ஜன்னல், அதில் மெல்லிய துணி. வரைந்த படத்துக்குக் கண்ணாடி இல்லை, போட்டோவுக்கெல்லாம் கண்ணாடி இருந்தது. இங்கே வந்ததும் ராஜாக்கள் சிறுத்துப்போய்விட்டார்கள். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி, ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி, தாசில்தார் மாதிரி இருந்தார்கள். ஒருவர் கன்னத்து முடியை இரண்டு பக்கமும் விசிறி போல வளர்த்து, தாடையை மட்டும் மழித்திருந்தார். ஒரு கல்யாணப் படத்தில் கூட்டமாக நின்றார்கள். அத்தனை பேரும் ஏதாவது ஒரு ஊருக்கு ராஜா அல்லது ராணி. கல்யாணத்தில் கால் வலிக்க நிற்கிற சொந்தக்காரர்கள் முகம்தான் அவர்களுக்கும்.

அந்தப் படத்தைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்து ராஜா. அதே தாடி, அதே மீசை, தோளில் அதே பின்னல், நெஞ்சில் நட்சத்திரம். கண்ணைத் திருப்பினால், பக்கத்திலேயே மறுபடியும் அவர். வேறு கோட்டு, அதே முகம்.

"மைனி, இவருக்கு ரெண்டு படமா?" என்று கேட்டேன்.

மைனி கீழே எழுதியிருந்ததைக் குனிந்து, கண்ணைச் சுருக்கி, பாதியைப் படித்தார்கள். "ஒண்ணு நம்ம ஜார்ஜ். இன்னொண்ணு ரஷ்யாக்காரன். ரெண்டு பேரு அம்மைமாரும் அக்கா தங்கச்சி. அச்சு அசல் ஒண்ணு போலத்தான் இருப்பானுவ. வீட்டு ஆளுவளே மாத்திக் கூப்பிடுவாங்களாம்."

"இதுல எது நம்மாளு?"

"இந்தாலது... இல்ல, அந்தாலது. நில்லுங்க, மூக்குக்கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டேன். ஷீபா! இங்க வா மக்கா!"

ஷீபா அந்த அறையிலேயே இல்லை. நான் ஒரு படத்தின் முன்னால் கிட்டத்தில் போய் நின்றேன். அதுதான் நம் ராஜா என்று எனக்குத் தோன்றியது. மூக்கைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், மனசில் கழித்தேன். அதற்குள் பக்கத்துப் படம் ஞாபகம் வந்தது. எந்த மூக்கைக் கழிக்க? கழிக்க வேண்டியவரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறாரே. அறுபது வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்தது, அந்த நிமிஷத்தில் கரைந்து போகிற மாதிரி இருந்தது. அப்பா துண்டு, அப்பா முதுகு, வாளித் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் இரண்டு ராஜாக்கள்.

"நகருங்க மைனி, கண்ணாடியில உங்க தலை விழுது," என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. நகர்வதற்குள் கேமரா டிக் என்றது.

மற்ற ராஜாக்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. மைனி தீவிரமாக எடுத்துக்கொண்டே போனார்கள். திரும்புகிற ரயிலில் மைனி தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. செல்வின் வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்: உன் தாத்தா முகம் எனக்குத் தெரியாது ஐயா, அந்தச் சட்டத்தைக் கழற்றிவிடு.

சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டு, கேமராவை வயர் போட்டு டிவியோடு சேர்த்தான். ராஜாக்கள் ஒவ்வொருவராக டிவியில் வந்தார்கள். பாதிப் பேருக்குத் தலை இல்லை. ஒரு படத்தில் மைனியின் பெருவிரல் மட்டும்.

"ஆன்ட்டி, எவ்வளவு பேர் தலையை வெட்டிருக்கீங்க!" என்று சிரித்தான் செல்வின். மாமியாரை அவன் ஆன்ட்டி என்பான்.

"அவனுவ ஊர்லயே வெட்டத்தான் செஞ்சானுவ, நான் என்ன புதுசாவா வெட்டுதேன்?"

"கெட்டதெல்லாம் டெலீட் பண்ணிருதேன், மெமரி ஃபுல் ஆகிரும்," என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தான். தலையில்லாதவர் போனார். பெருவிரல் போயிற்று. அடுத்தது வந்தது. "இது ரிஃப்ளெக்‌ஷன் விழுந்து கெட்டுப்போச்சு," என்று பொத்தான்மேல் விரலை வைத்தான்.

டிவி முழுக்க அப்பா இருந்தார்.

நான் கத்திவிட்டேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "அழிக்காதல! கைய எடு!" செல்வினுக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அவனை நான் அதட்டினதே இல்லை. அவன் கையைத் தூக்கிவிட்டான். ஷீபா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னம்மா? யாரும்மா அது?"

"தாத்தா," என்றேன்.

மைனி எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள். வழக்கமாக அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.

"மூக்கு உங்களுது மைனி," என்றார்கள் மெதுவாக. "கண்ணும் உங்களுது. மீசை அவனுது. உங்க நரைமுடி படத்து வெள்ளையில கலந்து போச்சு." கொஞ்சம் பொறுத்து, "நீங்க அப்பா சாடையா?" என்று கேட்டார்கள்.

"எங்க அத்தை சொல்லுவா. அப்பனை உரிச்சு வச்சிருக்கான்னு."

எத்தனையோ தடவை கேட்ட பேச்சு. கண்ணாடி முன்னால் நின்று தலைவாரும்போதெல்லாம் நான் பார்த்தது ஒரு பெண்பிள்ளையை, பிறகு ஒரு கிழவியை. மீசை வைத்துப் பார்க்க எனக்கு எப்படித் தோன்றும்? அதை அந்த ராஜா வந்து வைத்துவிட்டார். கண்ணாடிக்குள் ராஜா, ராஜாமேல் அப்பா. சனிக்கிழமை வாளியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது அப்படியே இருந்தது. வலது பக்கம் காதில் ஒரு பொட்டு வெளிச்சம்.

"அது உங்க கம்மல்மா. கம்ப்யூட்டர்ல எடுத்துரட்டா?" என்றான் செல்வின்.

"எடுக்காத," என்றேன். அப்பா கடுக்கன் போட்டிருந்தார். அது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை செல்வின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கிவந்தான். நீலச் சட்டைக்காரனை ஷீபா வெளியே எடுத்து, தூரப் போட மனசில்லாமல், அடுப்படி இழுப்பறையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க நான் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். "முட்டி வலி எங்க போச்சு?" என்றார்கள் மைனி.

சனிக்கிழமை சபையார் வந்தார்கள். வீடு நிறையச் செருப்பு. பாட்டும் ஜெபமும் முடிந்து, பிரியாணித் தட்டோடு எல்லோரும் படியைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண், பிளானோவில் வேலை பார்க்கிறவள், அப்பா படத்தைக் காட்டி என்னிடம் கேட்டாள். "ஆன்ட்டி, இந்தத் தாத்தா ஆர்மியில இருந்தாங்களா? யூனிஃபார்ம் சூப்பரா இருக்கே!"

பக்கத்தில் நின்ற மைனிதான், ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், வீடு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்கள்.

"ஆர்மி இல்ல. எஜுகேஷன் டிபார்ட்மென்ட். பள்ளிக்கூடத்துல மணி அடிக்கது இவருதான். இவரு அடிச்சாத்தான் ஹெட்மாஸ்டரே வாயைத் திறக்க முடியும்."

அந்தப் பெண் சிரித்தாள். மைனி சிரிக்கவில்லை. என் தட்டில் இன்னொரு கறித்துண்டை எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் ஊர் திரும்பி வருஷமாகிறது. அந்தப் படத்தின் பிரதி ஒன்று இங்கே என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் ஒன்றைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். நான் நின்றது எந்த ராஜாவின் முன்னால் என்று எங்கள் மூன்று பேருக்கும் இன்றுவரை தெரியாது. நம் ராஜா என்கிறார்கள் மைனி. ரஷ்யாக்காரர் என்கிறாள் ஷீபா. முகத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதில் அப்பா இருக்கிறார். கோட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இடது நெஞ்சில் ஒரு நட்சத்திரம், தோளிலிருந்து பின்னல் கயிறு, கழுத்துவரை பொத்தான். யாருடைய கோட்டு அது? அப்பா இன்னொருவர் பொருளைக் கேட்காமல் எடுக்கிறவர் அல்ல. பேர் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த ராஜாவுக்காக ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்வேன். அந்த ஜெபம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.